மதுரைக்கு இறங்குவதா, வேண்டாமா

மலையில் பிறந்தவன் கீழே போய் மூன்று இரவு சேர்ந்தாற்போலத் தூங்கினால் செத்துப்போவான் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். எங்கள் மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து சித்தப்பா ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார். போன மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போதே அவருக்குக் காமாலை முற்றிக் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துச் சொன்னால் கதை கெட்டுவிடும்.

என் தொழிலை வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை இன்னும் கேவலம். நான் டாக்சி ஓட்டுகிறவன். கொடைக்கானலிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். ஆனால் ரிங் ரோட்டிலேயே போவேன், ரிங் ரோட்டிலேயே திரும்புவேன். சவாரியை இறக்கிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுவேன். முதல் கொண்டை ஊசி வளைவில் கண்ணாடியை இறக்கி, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்த பிறகுதான் தப்பித்தோம் என்று மூச்சு வரும். எதிலிருந்து தப்பித்தேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இருபத்தைந்து வருடம் டாக்சி ஓட்டி, ஒரு இரவுகூட நான் கீழே படுத்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு மாசி மாத சாயங்காலம் சோதனை வந்தது. டவுனுக்கு வெளியே எங்கள் அட்டுவம்பட்டி வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"முதலாளியம்மா கடைய மூடப் போறாங்களாம்."

அவள் டவுனில் ஒரு பேக்கரியில் இருபது வருடமாக ரொட்டி சுடுகிறாள். முதலாளியம்மாவுக்கு வயதாகிவிட்டது. மகன் மதுரையில் இருக்கிறான். சீசன் முடிந்ததும் கடைக் கட்டடத்தை ஒரு ஹோட்டல்காரருக்கு விட்டுவிட்டு, மதுரையில் புதுக் கடை திறக்கப் போகிறார்கள். அந்தச் சமையல்கட்டை முழுக்க என் மனைவி கையில் கொடுக்க நினைக்கிறார். அவள் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்ப்பார். எப்படியும் இங்கே அடுப்பு அணைந்துவிடும்.

"குருத்தோலை ஞாயிறுக்குள்ள டிசைட் பண்ணிச் சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

"யோசிப்போம்" என்றேன்.

எங்கள் வீட்டில் நான் 'யோசிப்போம்' என்று சொன்ன காரியங்களில் ஹீட்டர் வாங்குவதும் கூரை ஓடு மாற்றுவதும் இன்னும் யோசனையில்தான் இருக்கின்றன. அது அவளுக்கும் தெரியும். அதனால் அடுத்த வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் ஒரு ஜோக் சொன்னேன்.

"மதுரை வெயில்ல மாவ வாசல்ல வச்சா தானா வெந்துரும். உனக்கு அங்க என்ன சோலி?"

சாதாரணமாக என் மட்டமான ஜோக்குக்கும் அவள் ஒரு பெருமூச்சாவது விடுவாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. உரித்த பூண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளனே எழுந்து கடைக்குப் போனாள், வந்தாள், சோறு போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பனிமூட்டத்தில் எதிரே வண்டி வருகிறதா இல்லையா என்று பார்ப்பதுபோல முன்னால் சாய்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். 'உனக்குப் போகணுமா' என்று இரண்டே வார்த்தை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லி, நான் முடியாது என்று சொல்லி, அவள் மட்டும் இறங்கிப் போய்விட்டால்? எங்கள் ஒரே மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அந்த ஓட்டு வீட்டில் நானும் ஓட்டை ஒழுகலும்தான் மிஞ்சுவோம்.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். என் மாமியார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, சின்னப் பெண்ணாகக் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர். ரொட்டியை இன்றைக்கும் பாண் என்றுதான் சொல்வார். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்து, ஒருநாள் என் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து மெல்ல ஆரம்பித்தேன்.

"அத்தை, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இடம் மாத்தம்? பழகுன எடம், பழகுன மனுசங்க."

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். சேலைகள், தைலம், சாமி படம் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"மருமகன், எனக்கு முட்டி ரெண்டும் இந்தக் குளிர்ல அரம் போட்ட மாதிரி கெடக்கு. நான் என்னைக்கு வேணும்னாலும் ரெடி. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"மூணு மாசத்துக்கு முன்னாடியே மூட்ட கட்டிட்டீங்களா?"

"எங்கள முன்ன அனுப்புனப்ப ஒரு ராத்திரிதான் குடுத்தாங்க. அதுல பாதிச் சாமான விட்டுட்டு வந்துட்டோம். இந்தத் தடவ நிதானமாக் கட்டணும்னு இருக்கேன்."

கடலைத் தாண்டி வந்தவரிடம் மலை அடிவாரத்துக் காட்ரோட்டைத் தாண்டப் பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த நம்பிக்கை அண்ணன். கவுஞ்சியில் அவர்தான் எங்கள் நிலத்தைப் பார்க்கிறார். பூண்டு பறிக்கும் சமயம் அது. தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படப் பரணில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே நின்று கட்டை எடுத்துக் கொடுத்தபடி விஷயத்தைச் சொன்னேன். 'மண்ண விட்டுப் போறியாடா' என்று ஒரு சத்தம் போடுவார், அதைச் சாக்காக வைத்து நானும் கலங்கிப்போய் வீட்டுக்கு வந்து, 'அண்ணன் விடமாட்டேங்கிறார்' என்று முடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

அண்ணன் இறங்கிக்கூட வரவில்லை.

"ஏலே, அப்பம் அந்த அட்டுவம்பட்டி வீடு சும்மாத்தான கெடக்கும்?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகலண்ணே."

"இல்ல, எளையவன் டவுன் ஸ்கூல்ல சேரணுங்கான். இங்கிருந்து பஸ்ஸுல போய் வந்தா பாதி நாளு ரோட்டுலதான். அந்த வீட்டுல தங்கிக்கிட்டான்னா சௌரியமா இருக்கும்."

"நான் போறதா வேண்டாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"அத எங்கிட்ட ஏன் கேக்க? ஓம் பொஞ்சாதிட்ட கேளு. அந்தக் கட்ட வெரசாக் குடு, கை வலிக்கிது."

திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேலே ஹாரன் அடித்தேன். எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி என்று தோன்றியது. அது என் இரண்டாவது முட்டாள்தனம். ஆனால் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அந்த வாரம் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"செவ்வாக்கெழம மதுரைக்குப் போறேன். நாலு நாள். முதலாளியம்மா வந்து பாக்கச் சொல்லிருக்காங்க. கடைக்கு மேல ரூம் இருக்காம். நீங்க கொண்டுபோய் விடுறீங்களா, பஸ்ல போகவா?"

விடுவதோடு நிற்காமல் நானும் தங்குகிறேன் என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். என் மனக்கணக்கு வேறு. இது எனக்கு வைத்த பரீட்சை என்று முடிவுகட்டியிருந்தேன். கீழே இவன் பிழைப்பானா மாட்டானா என்று பார்க்கத்தான் இந்த நாலு நாள். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று இரவு. வெள்ளிக்கிழமை நான் எழுந்தால் மதுரை, எழுந்திருக்காவிட்டால் அட்டுவம்பட்டி. இரண்டு கம்பளியும் ஒரு குல்லாயும் எடுத்து வைத்தேன். மாமியாரும் பையோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சலில்லை.

பாதி வழியிலேயே நான் என் லட்சணத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டேன் என்றால் அது பொய். மதுரைக்குள் நுழையும்வரை நன்றாகத்தான் ஓட்டினேன். ஊருக்குள் ஒரு பழைய ரயில்வே மேம்பாலம். ஏறியாகிவிட்டது. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது எதிரே ஒரு டவுன் பஸ் முக்கி முனகி ஏறிவந்தது. அதன் பின்னால் ஒரு லாரி.

மலையில் ஒரு சட்டம் உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால் வந்த வழக்கம். இருபத்தைந்து வருடமாக என் கால் அதைச் செய்துவந்திருக்கிறது. மூளையைக் கேட்காமல் செய்துவந்திருக்கிறது. இடதுபக்கச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, கையை வெளியே நீட்டி, பஸ்காரரை 'வாங்க, வாங்க' என்றேன். அவருக்கு வேண்டிய பாதை அவர் பக்கத்தில் தாராளமாக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார். லாரி போனது. அதன் பின்னால் ஆட்டோக்கள் ஏறிவந்தன. எல்லாம் ஏறித்தானே வருகின்றன. நான் நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் மதுரை முழுவதும் ஹாரன் அடித்தது.

டூவீலரில் ஒருவர் கதவைத் தட்டினார்.

"என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணிருச்சா?"

"இல்லங்க. ஏறி வர்றாங்கல்ல."

"அவங்க ஏறுனா உங்களுக்கு என்னண்ணே?"

மலையில் எந்தக் குழந்தையும் கேட்காத கேள்வி அது. பக்கத்தில் என் மனைவி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"எங்க கப்பல்கூட நடுவுல நிக்கல மருமகன். எடுங்க வண்டிய."

கடைக்கு மேல் இருந்த அறையில் மின்விசிறி ஒன்று ஓடியது. கொடைக்கானல் வீடுகளில் மின்விசிறி கிடையாது. அந்தச் சத்தம், பேரிங் போன வண்டிச் சக்கரம் மாதிரியே கேட்டது எனக்கு. எந்த நேரமும் கழன்று நெஞ்சில் விழும் என்று பார்த்துக்கொண்டே முதல் இரவைக் கழித்தேன். விழவில்லை. இரண்டாம் இரவும் விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் கண்ணாடியில் என் கண் மஞ்சளாகியிருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

என் மனைவி கீழே சமையல்கட்டிலேயே கிடந்தாள். சாப்பிட மட்டும் மேலே வந்தாள். எப்படிப் போகிறது என்று கேட்டால் 'போகுது' என்பாள். மாமியார் மொட்டைமாடியில் சுடுகிற தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியில் வெயில் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மொத்தக் குடும்பக் கதையும் புதன்கிழமைக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை வந்தது. அன்று இரவு மூன்றாம் இரவு. காலையிலிருந்தே எனக்குச் சரியில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து, பேரிங் சத்தம் தாங்காமல் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். நாலு மணி வாக்கில் பாதித் தூக்கத்தில் எழுந்தேன். மேலே எங்களுக்கு அது மேகம் இறங்கும் நேரம். அந்த நேரத்துக்கு ஜன்னலைச் சாத்தாவிட்டால் மெத்தை, துணி எல்லாம் நமுத்துவிடும். கண்ணைத் திறக்காமலே செய்யும் வேலை அது. நான் கண்ணைத் திறக்காமலே செய்தேன். இரண்டு ஜன்னலையும் கொக்கி போட்டுச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். கதவுக்கு அடியில் காற்று வராமல் இருக்க ஒரு கம்பளியைச் சுருட்டி வைத்தேன். இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன். பங்குனி மாதம். மதுரை. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை.

எழுந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் ஆறாக வியர்வை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இடது கையைத் தூக்கினால் வரவில்லை. அதன் மேலேயே படுத்திருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை. சித்தப்பா கண்ணுக்கு முன்னால் வந்தார். மூன்றாம் இரவுவரைகூட என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லையே என்று இருந்தது. கதவைத் திறக்கப் போனால், நானே வைத்த கம்பளி தடுக்கியது. அதை யாரோ வெளியிலிருந்து அழுத்துவதாக நினைத்தேன். எப்படியோ திறந்து, படியில் உருளாத குறையாக இறங்கினேன்.

"எனக்கு நெஞ்சு..." என்றேன் சமையல்கட்டு வாசலில்.

அவள் கை இரண்டிலும் மாவு. மேசைமேல் பெரிய பாத்திரம் ஒன்றில் மாவு வெள்ளைத் துணிக்குக் கீழே உப்பிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பாத்திரத்தை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அந்த முதல் பார்வையை நான் அப்போது கவனித்தேன். அர்த்தம் விளங்கவில்லை. மறுநொடி என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியிருந்தாள். வழிநெடுக என் சட்டையில் மாவுக் கை பதிந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, காகிதம் ஓடவிட்டார்கள். அந்தக் காகிதம் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தில், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைய மேல கொண்டுபோயிரு" என்றேன். "எது ஆனாலும் மேல கொண்டுபோயிரு."

"பேசாமப் படுங்க."

டாக்டர் சின்னப் பையன். காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"நார்மல். என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"தூங்கிட்டிருந்தேன்."

"ஃபேன் போட்டிருந்தீங்களா?"

"இல்ல."

"ஜன்னல்?"

"சாத்திட்டேன்."

"ஏன்?"

"மேகம் வந்துரும்ல" என்றேன்.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். என் மனைவியைப் பார்த்தார். "எந்த ஊருங்க?" அவள் சொன்னாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கக் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். ஜன்னலைத் திறந்து வைக்கும்படி மருந்துச் சீட்டு வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். ஆட்டோவில் திரும்பும்போது அதைச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடை வாசலில் மாமியார் நின்றார்.

"பாண் மாவு பொங்கி மேசையெல்லாம் வழிஞ்சு, அப்புறம் அமுங்கிப்போச்சு. எடுத்து அடுப்புக்குள்ள வைக்கவா வேணாமான்னு கேக்க ஆளில்ல" என்றார்.

அவள் உள்ளே ஓடினாள். நான் பின்னால் போனேன். பாத்திரத்துக்குள் மாவு நடுவில் குழி விழுந்து, பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, புளித்த கள் மாதிரி வாடை அடித்தது. அவள் அதில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே வழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கூடைக்குள் ஏற்கெனவே அதேமாதிரி மாவு காய்ந்து கிடந்தது. நிறையக் கிடந்தது.

"இது என்ன?" என்றேன்.

"செவ்வாக்கெழம போட்டது. அது புதன்கெழம."

"கெட்டுப்போச்சா?"

"மேல மாவு உப்ப அரை நாள் ஆகும். இங்க நான் திரும்பி நிக்கிறதுக்குள்ள பொங்கிருது. மொத நாள் என்ன செஞ்சேன் தெரியுமா?" மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் போட்டாள். என் பழைய ஸ்வெட்டர். மேலே குளிரில் மாவு உப்புவதற்காக அவள் பாத்திரத்தைச் சுற்றி அதைத்தான் போர்த்துவாள். நான் போட்டதைவிட மாவு போட்டதுதான் அதிகம். "மதுரைக்கு வந்து, இந்த வேக்காட்டுல, மாவுக்கு ஸ்வெட்டர் சுத்திருக்கேன். கை தானாச் சுத்திருச்சு. இருவது வருசமா ரொட்டி சுடுறவ."

அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குத்தான் சரியா வந்துச்சு. ஐஸ் தண்ணி ஊத்தி, ஈஸ்ட்டக் கொறச்சு, இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. ஆறு மணிக்கு முதலாளியம்மா வர்றாங்க. இந்த ஊர்ல என் கை நிக்குதான்னு பாத்துட்டுத்தான் கடையக் குடுப்பாங்க. அதுக்குத்தான் இந்த நாலு நாளு."

அப்போதுதான் விளங்கியது. பரீட்சை எனக்கு இல்லை. இரண்டு நாளாக மேலே நான் கண் மஞ்சளா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், கீழே இவள் ஒவ்வொரு பாத்திரமாகக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தேறுகிற நேரத்தில் நான் வந்து அதையும் கொட்ட வைத்துவிட்டேன்.

ஒரு மாதமாகக் கேட்காததை அங்கே நின்று கேட்டேன்.

"ஒனக்கு இங்க வரணுமா?"

"ஆமா" என்றாள். யோசிக்கவே இல்லை. "இருவது வருசம் அவங்க சொன்ன ரொட்டியச் சுட்டுட்டேன். ஒரு சமையக்கட்டு எங்கையில இருந்தா எப்பிடி இருக்கும்னு பாக்கணும். அங்க இருந்தா, சீசன் முடிஞ்சதும் நான் என்னத்த சுட? உங்க தலையவா?"

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல."

"நீங்க கேக்கலையே. வெயில்ல மாவு வேகும்னு ஜோக்கு சொன்னீங்க." ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கட்டாயம் வரணும்னு இல்ல. அங்கயே இருந்துக்கங்க. மாசத்துக்கு ஒருக்கா நான் வந்து பாத்துக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கணக்குப் பார்த்து, ஏற்கெனவே மனதில் ஒத்திகை பார்த்து வைத்ததுபோலச் சொன்னாள். நெஞ்சு அடைத்தது. இந்தத் தடவை ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது.

ஆறு மணிக்கு முதலாளியம்மா வந்தார். மேசை காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா, பேட்ச் எங்க?"

"இன்னைக்கு இல்லம்மா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க."

"எனக்கும் டைம் இல்லம்மா. இங்க ஒரு மாஸ்டர் வேற கேட்டுட்டே இருக்காரு. லோக்கல் ஆளு. சன்டேக்குள்ள நான் கன்ஃபார்ம் பண்ணணும்."

"ஏழு மணிக்கு வாங்க" என்று மறுபடி சொன்னாள். என் நெஞ்சுவலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலாளியம்மா இரங்கியிருப்பார். நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

மூன்றாம் இரவு நான் சாகவில்லை. தூங்கினால்தானே சாவது. விடியும் முன்பே அவள் எழுந்து, குளிர்சாதனப் பெட்டி ஐஸ் தீர்ந்துவிட்டது, எங்கேயாவது ஐஸ் கட்டி வாங்கிவர முடியுமா என்று கேட்டாள். அவ்வளவு வெள்ளனே எந்தக் கடை திறந்திருக்கும். தெருத்தெருவாக ஓட்டிப் பார்த்து, மீன் மார்க்கெட்டில் ஐஸ் இறக்குகிற வண்டியைக் கண்டுபிடித்தேன். ஒரு முழு பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். அது உருகுவதற்குள் போக வேண்டுமே என்று, போகும் வழியில் மேம்பாலத்தில் யாருக்கும் வழி விடவில்லை.

"உள்ள வராதீங்க. மீன் நாத்தம்" என்று சாக்கை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். ஒரு தொட்டியில் ஐஸை உடைத்துக் கொட்டி, அதன்மேல் தட்டு வைத்து, மாவுப் பாத்திரத்தை அதில் உட்காரவைத்தாள். நான் வாசல் படியில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரலால் மாவை அழுத்துவாள். அது மெல்ல எழும்பி வரும். ஐஸைக் கொஞ்சம் தள்ளுவாள். மறுபடி அழுத்துவாள்.

ரொட்டி அடுப்பிலிருந்து வந்தபோது முதலாளியம்மா வாசலில் நின்றார். கத்தியைக் கேட்கவில்லை. சூட்டோடு கையால் பிய்த்தார். முகர்ந்தார். உள்பக்கத்தை விரலால் அமுக்கி, எழும்புகிறதா என்று பார்த்தார். வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். மாமியார் பக்கத்தில் வந்து நின்று அவர் வாயையே பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கோ?"

"உப்பு அதேதான்ம்மா. உங்களுக்கு வேர்த்திருக்கு" என்றாள் என் மனைவி.

முதலாளியம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். இன்னொரு துண்டு பிய்த்தார்.

"ஓகே. நீயே பாத்துக்கோ" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஹஸ்பண்ட் என்ன சொல்றாரு?"

"நான் வர்றேன்ம்மா. அவரு வர்றாரான்னு அவருதான் சொல்லணும்."

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நாலைந்து ஜோக் வாய்வரை வந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

"நானும் வர்றேன்" என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நாங்கள் மூன்று பேரும் மதுரைக்குக் குடிவந்தோம். கடையை அவள் நடத்துகிறாள். டாக்சியை விற்கவில்லை, இங்கேயே ஓட்டுகிறேன்.